மண் காய்ந்த வரலாறு: மேற்கு ஜொகூரின் தீயும் வெள்ளமும்



2013ஆம் ஆண்டு ஜூன் மாதத்தை மூவார் வட்டார மக்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். அம்மாதம் 23ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை மூவாரில் காற்று மாசுக் குறியீடு 746 எனப் பதிவாயிற்று. 300ஐத் தாண்டினாலே அது பேராபத்து நிலை. 500ஐத் தாண்டினால் அவசரகாலம் அறிவிக்கப்பட வேண்டும் என்பது நம் நாட்டின் விதி. அன்றே மூவார், லேடாங் ஆகிய இரு மாவட்டங்களிலும் அவசரகாலம் நடைமுறைக்கு வந்தது. இன்று தங்காக் என வழங்கப்படுவதே அந்நாளைய லேடாங் மாவட்டம். பள்ளிகள் அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தன. தெருவின் மறுகோடி தெரியவில்லை. பகல் பத்து மணிக்கும் வண்டிகள் விளக்கெரித்துச் சென்றன.

பள்ளி மீண்டும் திறந்த நாளில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு வினா எழுப்பினான். "ஐயா, இவ்வளவு புகை இருக்கே, தீ எங்கே ஐயா?" என்றான். "கடலுக்கு அந்தப் பக்கம், சுமத்திராவில்" என்றேன். அவன் விடவில்லை. "மண்ணு எப்படி ஐயா எரியும்? நம்ம ஊரு மண்ணும் எரியுமா?" என்றான்.

"பிறகு சொல்கிறேன்" என்று கூறி வகுப்பைத் தொடர்ந்தேன். உண்மையில் அன்று எனக்கு விடை தெரியாது. அவ்விடையைத் தேடிய பயணத்தில் நான் கற்றவற்றையே இக்கட்டுரையில் தொகுத்துள்ளேன். சுருங்கச் சொன்னால், நம் ஊர் மண்ணும் எரியும். அதே மண்தான் நம்மை வெள்ளத்திலும் ஆழ்த்துகிறது. தீயையும் வெள்ளத்தையும் நாம் தனித்தனிப் பாடங்களாக நடத்துகிறோம். மேற்கு ஜொகூரைப் பொறுத்தவரை அவை இரண்டும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள்.

1. நீரால் ஆன நிலம்

மூவாரிலிருந்து பத்து பகாட் வழியாகப் பொந்தியான் வரை நீளும் சமவெளியைக் கண்ணுற்றோர் அதன் தட்டையான தோற்றத்தை அறிவர். கடலோரமாகக் களிமண் நிலம் ஒரு பட்டையாக ஓடுகிறது. அதற்குப் பின்னால், ஆறுகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களில், கருமையும் செம்மையும் கலந்த மென்மையான மண் கிடக்கிறது. மலாய்மொழியில் இதனைத் 'தானா காம்புட்' என்பர். தமிழில் கரிச்சதுப்பு என்று கூறலாம்.

இம்மண் பாறை தேய்ந்து உண்டானதன்று. இது மரங்களின் எச்சம். ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைய நிலையைவிடச் சற்று உயர்ந்திருந்தது. பின்னர்க் கடல் பின்வாங்க, ஆறுகள் கொணர்ந்த வண்டல் படிந்து கடற்கரை மேற்கு நோக்கி நகர்ந்தது. அவ்வண்டலின் பின்னால் மழைநீர் தேங்கிய இடங்களில் சதுப்புக் காடுகள் தோன்றின. விழுந்த இலையும் கிளையும் வேரும் நீருக்குள் அமிழ்ந்தன. நீருக்குள் காற்றில்லை, காற்றில்லாத இடத்தில் அவை முற்றாக மக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து பல மீட்டர் ஆழத்திற்குத் திரண்டன.

இயற்கை நிலையில் இம்மண்ணின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு நீரே ஆகும். எஞ்சிய ஒரு பங்கு, மரங்கள் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் காற்றிலிருந்து ஈர்த்துச் சேமித்த கரிமம். நீர் நிறைந்திருக்கும் வரை அக்கரிமம் உறங்கிக் கிடக்கும். நீர் வடிந்தால் இரண்டில் ஒன்று நிகழும்: மெல்ல மெல்ல மக்கிக் காற்றில் கலக்கும், அல்லது தீப்பற்றி ஒரே மாதத்தில் காற்றில் கலக்கும்.

ஜொகூர் மாநிலத்தில் இத்தகைய நிலம் ஏறத்தாழ 140,000 எக்டர் உள்ளது. அதில் பெரும்பகுதி இன்று தோட்டமாகவும் வயலாகவும் ஊராகவும் மாறிவிட்டது. காடாகவே எஞ்சியிருப்பது மிகச் சிறிது. மூவார்ப் பக்கத்து ஆயர் ஈத்தாம் ஊத்தாரா வனக்காப்பகம் அவ்வாறு எஞ்சியவற்றுள் குறிப்பிடத்தக்கது.

2. நீரை வடித்தவர்கள்

இந்நிலத்தை வடித்தது யார்? ஒரு கையை மட்டும் சுட்டிக் காட்ட இயலாது. நூற்றைம்பது ஆண்டுகளாகப் பல இனத்தவரின் கைகள் இதில் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தெமெங்கோங் இப்ராகிம், ஆற்றங்கரைகளில் பயிரிடும் உரிமையைச் சீனத் தலைவர்களுக்கு வழங்கினார். காங்சூ முறை எனப்பட்ட இவ்வேற்பாடு 1917இல்தான் முடிவுக்கு வந்தது. அவர்கள் கம்பீரும் மிளகும் பயிரிட்டனர். கம்பீர் இலையைக் கொதிக்க வைத்துச் சாறு எடுக்க விறகு வேண்டும். விறகுக்காகச் சுற்றியிருந்த காடு வெட்டப்பட்டது. சில ஆண்டுகளில் மண் வளம் குன்றியதும் அவ்விடத்தை விட்டு வேறிடம் பெயர்ந்தனர். விட்டுச்சென்ற நிலத்தில் லாலாங் புல் வளர்ந்தது. வறட்சிக் காலத்தில் லாலாங் எளிதில் தீப்பற்றும். ஆக, ஜொகூரில் மனிதனால் நேர்ந்த நிலத்தீக்கு நூற்றாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு.

சுல்தான் அபு பக்கார் ஆட்சியில் (1862-1895) மேற்குக் கடற்கரை திறக்கப்பட்டது. 1880களில் மூவாரில் பண்டார் மகாராணி எழுந்தது. சாவகத்திலிருந்தும், தென் கலிமந்தானின் பஞ்சார் நாட்டிலிருந்தும், சுலாவெசியின் பூகிஸ் நாட்டிலிருந்தும் குடியேறிகள் வந்தனர். அவர்கள் கடலிலிருந்து உள்நாடு நோக்கி நேர்க்கோடாக வாய்க்கால் வெட்டினர். அவ்வாய்க்காலே 'பாரிட்'. அதன் இருமருங்கும் தென்னையும் கமுகும் நட்டனர். ஒவ்வொரு பாரிட்டுக்கும் ஒரு தலைவர் இருந்தார். வாய்க்காலைத் தூர்வாருவதும் கரையைக் காப்பதும் அவர் பொறுப்பு. பாரிட் ஜாவா, பாரிட் ராஜா, பாரிட் சூலோங் என இன்று நாம் அன்றாடம் சொல்லும் ஊர்ப்பெயர்கள் எல்லாம் அவ்வாய்க்கால்களின் பெயர்களே. மாணவர்களிடம் இதனைக் கூறிப் பாருங்கள். வரைபடத்தைக் கண்கொட்டாமல் பார்ப்பார்கள்.

நம்மவர் இவ்வரலாற்றில் எங்கே நிற்கின்றனர்? 1909இல் ஜொகூர் இரயில் பாதை ஜொகூர் பாரு வரை முழுமை பெற்றது. அதையொட்டிச் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம் எனப் பாதை நெடுகிலும் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் அழைத்துவந்த தமிழர்கள் அத்தோட்டங்களில் காடு வெட்டினர், கான் வெட்டினர், பால்மரம் நட்டனர். வெட்டிய காட்டை எரிப்பதே அந்நாளைய வழக்கம். திறந்த வெளியில் எரிப்பதைத் தடுக்கும் விதி நம் நாட்டுச் சுற்றுச்சூழல் சட்டத்தில் 1998ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே கடுமையாக்கப்பட்டது. அதற்கு முன் ஒரு நூற்றாண்டு காலம், தீ என்பது தோட்டத் தொழிலின் கருவிகளுள் ஒன்றாகவே இருந்தது. நம் பாட்டன்மார் அதனை முடிவு செய்யவில்லை, கூலிக்குச் செய்தனர். ஆயினும் அவர்களது உழைப்பும் இம்மண்ணின் கதையில் கலந்துள்ளது.

விடுதலைக்குப் பின் வந்த மாற்றம் இவை அனைத்தினும் பெரிது. 1974இல் உலக வங்கியின் கடனுதவியுடன் மேற்கு ஜொகூர் வேளாண் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. கடலோரமாக நெடுங்கரைகள் எழுப்பப்பட்டன. மக்கள் அவற்றை 'பான்' என்பர். ஓதம் ஏறும்போது மூடிக் கடல்நீரைத் தடுத்து, இறங்கும்போது திறந்து மழைநீரை வெளியேற்றும் மதகுகள் வாய்க்கால்களின் வாயில் அமைந்தன. செம்புரோங், பெக்கோக் அணைகள் கட்டப்பட்டன. இதனால் பல்லாயிரம் சிறுவிவசாயக் குடும்பங்கள் வாழ்வு பெற்றன. உப்புநீரால் அழிந்த தென்னந்தோப்புகள் மீண்டன, செம்பனை பரவியது. இவ்வுண்மையை மறைத்து வரலாறு எழுதுதல் முறையாகாது.

3. மில்லிமீட்டரும் சென்டிமீட்டரும்

ஆனால் வடித்த மண் சும்மா இருக்கவில்லை. அது தாழத் தொடங்கியது.

நீர் நீங்கிய கரிச்சதுப்பு முதலில் சுருங்கும். பின்னர்க் காற்றுப் பட்ட பகுதி மக்கி, கரியமில வாயுவாக மாறி, காற்றோடு போய்விடும். மண்ணே மறைவதால் நிலம் தாழ்கிறது. மேற்கு ஜொகூரில் இதனை ஆய்வாளர் பல ஆண்டுகள் அளந்துள்ளனர். வாய்க்கால் வெட்டிய தொடக்கக் காலத்தில் நிலம் விரைந்து தாழ்ந்தது. பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. வீதம் தாழ்ந்துகொண்டே இருந்தது. நிலத்தில் ஊன்றிய கம்பம் ஆண்டுக்காண்டு வெளியே தெரிவதும், செம்பனையின் வேர் மண்ணுக்கு மேல் எழுந்து மரம் சாய்வதும், வீட்டுப் படிக்கும் தரைக்கும் இடைவெளி விழுவதும் இதன் அடையாளங்கள்.

இனிக் கடலைப் பார்ப்போம். ஆசியப் பெருநிலப்பரப்பின் தென்கோடி முனையாகிய நம் தஞ்சோங் பியாயில் 1986 முதல் 2006 வரை கடல்மட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.3 மி.மீ. உயர்ந்ததாக அளவிடப்பட்டது. உலகச் சராசரி அதனினும் மிகுதி. பருவநிலை மாற்றம் பற்றிய பன்னாட்டு அரசுகளின் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2006 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஆண்டுக்கு 3.7 மி.மீ. உயர்ந்தது, 1901 முதல் 2018 வரை மொத்தம் 20 செ.மீ. உயர்ந்தது. உயரும் வேகமும் கூடிக்கொண்டே வருகிறது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து மாணவர்களைக் கணக்கிடச் சொல்லலாம். கடல் ஆண்டுக்கு 3.7 மி.மீ. உயர்ந்தால் ஐம்பது ஆண்டுகளில் 18.5 செ.மீ. உயரும். நிலம் ஆண்டுக்கு 2 செ.மீ. தாழ்ந்தால் ஐம்பது ஆண்டுகளில் ஒரு மீட்டர் தாழும். கடல் ஒரு சாண் அளவு ஏறிவரும் காலத்தில், நாமே அதை நோக்கி இடுப்பளவு இறங்கிச் சென்றிருப்போம்.

நம் தமிழ் மரபில் கடல்கோள் என்னும் சொல் உண்டு. கடல் பொங்கி வந்து நிலத்தைக் கொண்டதாக நம் முன்னோர் நினைவு கூர்ந்தனர். மேற்கு ஜொகூரின் உட்பகுதியில் நிகழ்வதற்கு அச்சொல் முழுமையாகப் பொருந்தாது. இங்கே கடல் வந்து கொள்வதைவிட நிலம் தானே தன்னைக் கொடுப்பது மிகுதி. மண் தாழத் தாழ மழைநீர் தானாக வடிவதற்குரிய சரிவு குறைகிறது. மதகு திறந்திருக்கும் நேரமும், கடல் உயர உயரக் குறையும். ஒரு நிலையில் எந்திரம் வைத்து நீரை இறைக்க வேண்டிவரும். ஒல்லாந்து நாட்டவர் தம் கரிச்சதுப்பு நிலங்களில் பல நூற்றாண்டுகளாக இதே பாடத்தைக் கற்றனர். காற்றாலைகள் அங்கே அழகுக்காக எழவில்லை. தாழ்ந்துபோன நிலத்திலிருந்து நீரை இறைக்க எழுந்தவை அவற்றுள் பல.

4. தீயின் பக்கம்

இனி அம்மாணவனின் வினாவுக்கு வருவோம். மண் எப்படி எரியும்?

காய்ந்த கரிச்சதுப்பு விறகுக்கு ஒப்பானது. தீ மேற்பரப்பில் கொழுந்து விடாது. மண்ணுக்குள் கனன்று கிடைமட்டமாகப் பரவும். மேலே நீர் தெளித்தால் அணைந்தது போலத் தோன்றும். நாள் கழித்து வேறிடத்தில் புகை எழும். நிலத்தடி நீர் மீண்டும் உயரும் வரை அது முற்றாக அணையாது. குறைந்த காற்றில் அரைகுறையாக எரிவதாலேயே அதன் புகை அத்துணை அடர்த்தியாக உள்ளது.

1997ஆம் ஆண்டு எல் நினோ வறட்சியின்போது சுமத்திராவிலும் கலிமந்தானிலும் இம்மண் பேரளவில் எரிந்தது. நடுக் கலிமந்தானில் நெல் பயிரிடுவதற்காக அதற்கு முந்திய ஆண்டில் பெருவாய்க்கால்கள் வெட்டப்பட்டிருந்தன. நெல் விளையவில்லை, தீ விளைந்தது. அவ்வாண்டு இந்தோனேசியக் கரிச்சதுப்புத் தீயால் வெளியேறிய கரிமம், உலகம் முழுவதும் ஓராண்டில் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வெளியிட்டதில் 13 முதல் 40 விழுக்காட்டுக்கு இணையானது என ஆய்வாளர் கணித்தனர். சரவாக்கில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கூச்சிங்கில் குறியீடு 800ஐத் தாண்டியது. அந்நாளில் நான் ஆசிரியர் பயிற்சி மாணவன். கைக்குட்டையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு விரிவுரைக்குச் சென்றது நினைவிருக்கிறது.

2005, 2013, 2015, 2019 எனப் புகை மீண்டும் மீண்டும் வந்தது. 2015இல் மட்டும் இந்தோனேசியாவில் 26 இலட்சம் எக்டர் எரிந்தது என்றும், அந்நாட்டுக்கு 1,610 கோடி அமெரிக்க டாலர் இழப்பு என்றும் உலக வங்கி மதிப்பிட்டது. எல்லை கடந்த புகை மாசு பற்றிய ஆசியான் ஒப்பந்தம் 2002இல் கோலாலம்பூரில் கையெழுத்தானது. இந்தோனேசிய நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் அளித்தது 2014இல்தான்.

இவ்விடத்தில் நாம் நேர்மையோடு இருத்தல் வேண்டும். புகை வரும்போதெல்லாம் "அவர்கள் எரிக்கிறார்கள், நாம் மூச்சு முட்டுகிறோம்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதில் உண்மை உண்டு. ஆனால் 2013இல் இந்தோனேசிய அதிகாரிகள் ஐயத்திற்குரியனவாகக் குறிப்பிட்ட தோட்ட நிறுவனங்களுள் மலேசிய முதலீடு உள்ளனவும் இருந்தன. மூவாருக்கு எதிரே, நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் உள்ள ரியாவ் கடற்கரை மண்ணும் நம் மேற்கு ஜொகூர் மண்ணும் உடன்பிறப்புகள். இரண்டும் ஒரே காலத்தில் ஒரே முறையில் உருவானவை. நாம் நூறாண்டுகளாகப் பையப் பைய வடித்ததை அங்கே சில பத்தாண்டுகளில் வடித்தனர். வேறுபாடு வேகத்தில்தான்.

நம் மண்ணும் எரியாமல் இல்லை. 2019 ஆகஸ்டில் கேலாங் பாத்தா அருகே கம்போங் பெக்காஜாங்கில் கரிச்சதுப்பு நிலம் பல நாள் எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் நிலத்தை நீரால் நிரப்பியே அதனை அடக்க வேண்டியிருந்தது.

இதில் பருவநிலை மாற்றத்தின் பங்கு யாது? எல் நினோ இயற்கையாக நிகழ்வது; அது புதிதன்று. ஆனால் 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் உலகம் 1850-1900 கால அளவைவிட ஏறத்தாழ 1.1 பாகை செல்சியசு வெப்பம் மிகுந்திருந்தது. அதே வறட்சி வந்தாலும், வெப்பம் மிகுந்த காற்று மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் நீரை விரைந்து உறிஞ்சுகிறது. தீப்பெட்டியை உரசுவது மனிதன். விறகைக் காயவைத்தது வாய்க்கால். அதனை மேலும் உலர்த்துவது வெப்பமுறும் வானிலை.

5. நீரின் பக்கம்

வெப்பக் காற்றுக்கு மற்றொரு குணமும் உண்டு. ஒரு பாகை வெப்பம் கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். எனவே பெய்யும் நாளில் மழை கொட்டித் தீர்க்க வாய்ப்பு மிகுகிறது.

ஜொகூரின் அண்மைய வரலாற்றில் மூன்று நிகழ்ச்சிகளை இங்கே குறிப்பிட விழைகின்றேன்.

முதலாவது, 2001 திசம்பர் 27. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் புயல் உருவாகாது என்பது நூல்களில் நாம் படித்த பாடம். அன்று வாமெய் என்னும் புயல் ஏறத்தாழ ஒன்றரைப் பாகை வட அகலாங்கில் உருவாகித் தென்கிழக்கு ஜொகூரில் கரையேறியது. பெருமழையால் குனோங் பூலாய் மலைச்சரிவில் மண் சரிந்து ஐவர் உயிரிழந்தனர்.

இரண்டாவது, 2006 திசம்பரிலும் 2007 சனவரியிலும் இரண்டு அலைகளாக வந்த பெருவெள்ளம். கோத்தா திங்கி, சிகாமட், குளுவாங், பத்து பகாட், மூவார் என மாநிலமே நீரில் மிதந்தது. ஒரு இலட்சத்திற்கு மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். 18 பேர் மாண்டனர். முதல் வெள்ளத்தின் சேற்றைக் கழுவி முடிக்கும் முன்பே இரண்டாம் வெள்ளம் வந்ததுதான் கொடுமை. புத்தாண்டுக்கு வாங்கிய புத்தகங்களும் சீருடைகளும் ஊறிப்போய்க் குப்பையில் கிடந்ததைக் கண்ட ஆசிரியர்களுள் நானும் ஒருவன்.

மூன்றாவது, 2023 மார்ச்சு. மாநிலத்தில் 40,000 பேருக்கு மேல் தற்காலிக நிவாரண மையங்களில் தங்கினர். சிகாமட்டில் மழை நின்று நீர் வடிந்த பிறகும், பத்து பகாட் மாவட்டத்தில் வெள்ளம் வாரக்கணக்கில் நின்றது.

இம்மூன்றுக்கும் பருவநிலை மாற்றமே காரணம் என்று நான் கூற வரவில்லை. ஒரு தனிப் புயலையோ ஒரு தனி மழையையோ அவ்வாறு அடித்துக் கூறுதல் அறிவியலுக்கு உகந்ததன்று. வடகிழக்குப் பருவமழை என்றும் பெய்வதே. ஆனால் பத்து பகாட்டில் நீர் ஏன் அத்துணை நாள் நின்றது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நிலம் தட்டையானது, மேலிருந்து சிகாமட், குளுவாங் பக்கத்து நீரின் ஒரு பகுதி அவ்வழியே கடல் சேர வேண்டும், ஓதம் உயரும் வேளையில் மதகைத் திறக்க இயலாது. இவற்றோடு, கடற்புறக் களிமண் பட்டைக்குப் பின்னால் உள்ள கரிச்சதுப்புப் பள்ளங்கள் ஆண்டுக்காண்டு மேலும் தாழ்கின்றன. ஒரு காலத்தில் மழைநீரைப் பஞ்சு போல ஏந்தி வைத்திருந்த நிலம் இன்று தட்டு போல நீரைத் தேக்குகிறது.

6. கரையோரம் வாழ்வோர்

கடலோரத்தின் நிலை என்ன? 1980களில் நம் அரசு மேற்கொண்ட தேசியக் கடலரிப்பு ஆய்வு, நாட்டின் ஏறத்தாழ 4,800 கி.மீ. கடற்கரையில் 1,300 கி.மீ.க்கு மேல் அரிப்புக்கு உள்ளாகியிருப்பதைக் கண்டறிந்தது. மேற்கு ஜொகூரின் சேற்றுக் கடற்கரையும் அதில் அடங்கும்.

இக்கரையின் இயற்கையான காவலர் 'பாக்காவ்' எனப்படும் அலையாத்தி மரங்கள். அலையை ஆற்றுப்படுத்துவது என்று பொருள்படும் அழகிய பெயரை நம் முன்னோர் அவற்றுக்குச் சூட்டினர். அவற்றின் வேர்கள் அலையின் வேகத்தைத் தணிக்கும். சேற்றைப் பிடித்து வைத்துக் கடல் உயர உயரத் தரையையும் உயர்த்தும். 2004 திசம்பர் ஆழிப்பேரலையின்போது, கடலூர் மாவட்டத்தில் பிச்சாவரம் பக்கத்தே மரச்செறிவுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் குறைந்த சேதமே அடைந்தன என்பதை ஆய்வுகள் காட்டின.

நம் மாநிலத்தில் தஞ்சோங் பியாய், பூலாவ் குக்குப், சுங்கை பூலாய் ஆகிய மூன்று அலையாத்திக் காடுகளும் 2003இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. ஆயினும் தஞ்சோங் பியாயின் வெளிவரிசை மரங்கள் அரிப்பால் விழுந்துகொண்டிருக்கின்றன. அலையாத்தி தானாகவே நிலம் நோக்கிப் பின்வாங்கித் தப்பும் இயல்புடையது. ஆனால் பின்னால் 'பான்' இருந்தால் அது எங்கே செல்லும்? முன்னால் கடல், பின்னால் கரை. இடையில் அகப்பட்டு அக்காடு மெலிகிறது. காடு மெலிந்தால் அலை நேரே கரையை மோதும்.

இந்த அலை முதலில் தொடுவது யாரை? ஜொகூர் நீரிணையில் அலையாத்திக் காட்டை நம்பி வாழும் ஓராங் செலேத்தார் பழங்குடியினரை. குக்குப்பில் நீர்மேல் கால் ஊன்றிய வீடுகளில் வாழும் சீன மீனவரை. பாரிட் ஓரத்துச் சாவக, பஞ்சார், பூகிஸ் குடும்பங்களை. தோட்டங்களை விட்டுச் சிற்றூர்களுக்கும் நகரப் புறங்களுக்கும் பெயர்ந்து, மலிவாகக் கிடைத்த தாழ்நிலத்தில் வீடு வாங்கிய நம்மவர்களையும் வெள்ளம் விட்டுவைக்கவில்லை. நிவாரண மையத்தில் பாய் விரித்துப் படுப்போர் அனைவரும் ஒரே கஞ்சியைத்தான் குடித்தனர்.

7. நாம் செய்யக்கூடுவது

வெட்டிய வாய்க்காலை எல்லாம் தூர்த்துவிடலாகாது; அங்கே இலட்சக்கணக்கானோர் வாழ்கின்றனர். ஆனால் நீர்மட்டத்தை மேலே வைத்துப் பயிரிட இயலும். வாய்க்காலில் சிறு தடுப்புகள் அமைத்து நீரைத் தேக்கினால் மண் ஈரமாக இருக்கும், தாழ்தல் குறையும், தீப்பற்றாது. இந்தோனேசியா 2016இல் கரிச்சதுப்பு மீட்புக்கெனத் தனி அமைப்பையே நிறுவி வாய்க்கால்களை அடைக்கத் தொடங்கியது. எஞ்சிய சதுப்புக் காட்டையும் அலையாத்தியையும் தொடாமல் காப்பது அதனினும் எளிது; செலவும் குறைவு.

இவை அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியவை. ஆசிரியரும் பெற்றோரும் செய்யக்கூடியவையும் உண்டு.

ஆசிரியர்களே! உள்ளூர் வரலாற்றைக் கற்பிக்கும்போது ஊர்ப்பெயரிலிருந்து தொடங்குங்கள். உங்கள் ஊரில் பாரிட் உண்டா, பாயா உண்டா, தஞ்சோங் உண்டா? அப்பெயர் எந்நிலத்தைக் குறிக்கிறது? அறிவியல் பாடத்தில் ஒரு கண்ணாடிக் குவளையில் ஈரமான தேங்காய்த் தூளை நிரப்பி, அதனைக் காயவிட்டு, எவ்வளவு தாழ்கிறது என்று மாணவர்களை அளக்கச் சொல்லுங்கள். நான் செய்து பார்த்தேன். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

பெற்றோர்களே! வீடு வாங்கும் முன் அந்நிலம் முன்னர் என்னவாக இருந்தது என்று பழைய குடிகளிடம் கேளுங்கள். 2007இலும் 2023இலும் நீர் எதுவரை வந்தது என்பதைக் கேட்டுச் சுவரில் குறித்து வையுங்கள். தாத்தா பாட்டியிடம் அவர்கள் கண்ட வெள்ளத்தையும் தீயையும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லச் செய்யுங்கள். அந்நினைவுகள் எழுதப்படாமல் போனால், அடுத்த வெள்ளத்தை நம் பிள்ளைகள் முதல் வெள்ளம் என்றே எண்ணுவர்.

2013இல் என்னை வினவிய மாணவன் இன்று இளைஞன். சென்ற ஆண்டு பேரங்காடி ஒன்றில் அவனைக் கண்டேன். "தம்பி, நீ அன்று கேட்டாயே, நம் ஊர் மண்ணும் எரியுமா என்று, எரியும்" என்றேன். அவன் சிரித்தான். பின்னர், "ஐயா, அப்போ ஏன் ஐயா சொல்லலை?" என்றான்.

அவனுக்குக் காலம் தாழ்த்திச் சொன்னேன். இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காவது உரிய காலத்தில் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதினேன். உங்கள் ஊர் மண்ணையும் நீரையும் பற்றி நீங்கள் அறிந்தவற்றைத் தவறாமல் எழுதுங்கள்; பிழை இருப்பின் சுட்டிக் காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.